மலைவீட்டுப் புத்தகத்தில் இரண்டு பேர்

சனி, 21 பெப்ரவரி

நடந்ததெல்லாம் நான் முதலே சொன்னதுதான். ரயில் பிந்தும் என்றேன், பிந்தியது. மலையில் பனி இடுப்பளவு கிடக்கும் என்றேன், கிடக்கிறது. கஜானன் சொன்ன நேரத்துக்கு ஸ்டேசனில் நிற்கமாட்டான் என்றும் சொன்னேன். பத்து நிமிசம் முன்னதாகவே வந்து நின்றான். அதுவும் சொன்ன நேரம் இல்லைத்தானே.

எல்லாவற்றிலும் பெரிய கணிப்பு ஒன்று இருக்கிறது. இந்தப் பெடியனிடம் ஏதோ மறைவு இருக்கிறது. இன்றைக்கே எழுதி வைக்கிறேன், பிறகு ஒருத்தரும் வந்து "மாமா, அப்ப ஏன் சொல்லேல்லை" என்று கேட்கக்கூடாது.

கஜானன் என் மருமகள் ஆரணிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. ஆரணி என் தங்கை புவனேசின் ஒரே பிள்ளை. தகப்பன் மாரடைப்பில் போய் ஆறு வருசம். மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தது நான். போன வருசம் துரொண்ட்ஹைமில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு "நீங்கள் கட்டாயம் வரவேணும் மாமா" என்று ஆரணி பிடிவாதமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே ஆயிரம் பேருக்குள் ஒரே பார்வையில் இவனைத் தெரிந்தெடுத்தேன். தானாகவே வந்து பக்கத்தில் இருந்தான், தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான், நான் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் இருந்த காலத்துக் கதைகளை இரண்டு மணித்தியாலம் கேட்டான். ஒரு கொட்டாவி இல்லை. அப்போது சந்தோசமாக இருந்தது. இப்போது யோசிக்கிறேன், அப்படிக் கேட்கிற பெடியன் இந்த நாட்டில் எங்கே இருக்கிறான்?

வெளிக்கிட முதல் புவனேஸ் சொன்னது அப்படியே: "அண்ணை, மார்ச் முதலாம் திகதி ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை முற்றாக்க வருகினம். அதுக்கு முன்னம் இந்த ஒரு கிழமை கூடப் போய்ப் பெடியனை வடிவாய்ப் பாருங்கோ. உங்கடை கண்ணுக்கு ஒரு குறை தெரிஞ்சாலும் நான் நிப்பாட்டிப் போடுவன். அவளுக்குத் தகப்பன் இல்லை."

ஆகவே குளிர்கால விடுமுறையில் நாங்கள் மூன்று பேரும் லில்லஹம்மருக்கு மேலே ஒரு மலை விடுதியில் நிற்கிறோம். இளசுகளுக்கு ஸ்கீ. எனக்குக் கடமை.

ஞாயிறு, 22 பெப்ரவரி

ஸ்கீப் பாதை என்றால் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். விடியற்காலையில் ஒரு இயந்திரம் மலை முழுக்கப் போய்ப் பனியை அமத்தி, ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு சோடித் தடம் வெட்டிவிட்டுப் போகும். அதற்குள் பலகையை வைத்தால் அது தன்பாட்டில் போகும். இருபக்கமும் பைன் மரங்கள், வெயில் பட்டால் பனி சீனி மாதிரி மினுங்கும். நான் ஃபின்மார்க்கில் ஸ்கீ ஓட்டப்போட்டியில் மூன்றாவதாக வந்தவன். நான்கு பேர் ஓடினார்கள் என்று சிலர் கதைப்பார்கள். பனிப்புயலில் யார் எண்ணினது?

பலகையின் அடியில் பூசும் மெழுகில்தான் வித்தை. நான் ஒட்டுகிற சாதியைத் தெரிந்தெடுத்தேன். பலாக்காய்ப் பால் மாதிரி கையில் பிடித்தால் விடாது.

"மாமா, அது ஈரப் பனிக்குப் பூசுறது. இண்டைக்குக் காய்ஞ்ச பனி" என்றான் கஜானன்.

"தம்பி, நீர் பிறக்க முதல் நான் பனியிலை நடந்தவன்."

அரை மணித்தியாலத்தில் என் பலகைக்கு அடியில் ஒரு சாண் பனி ஒட்டிக்கொண்டது. நான் உயரத்தில் நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்க விரும்பினேன், அதற்கு அது வசதியாகவும் இருந்தது. ஆரணி குந்தியிருந்து சிரித்தாள். கஜானன் சிரிக்கவில்லை. முழங்காலில் இருந்து, ஒரு தகட்டால் அதை முழுக்கச் சுரண்டி, வேறு மெழுகு பூசித் தந்தான். ஒரு பேச்சுப் பேசவில்லை.

சிரிக்காதவனை நான் நம்புவதில்லை.

திங்கள், 23 பெப்ரவரி

பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழுதரம் பனியின் ஆழத்தைச் சோதித்தேன். இடுப்பு வலி.

செவ்வாய், 24 பெப்ரவரி

இன்றைக்குப் பிடித்தேன்.

மேலே காற்று என்று பெரிய பாதையை மூடிவிட்டார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மரப்பலகை. இடப்பக்கம் போனால் திரும்ப எங்கள் விடுதிக்கே. வலப்பக்கம் ஒரு சின்ன மலைவீடு, ஆறு கிலோமீட்டர். நடைச் சங்கத்தின் வீடு, ஆட்கள் இல்லாதது. அங்கத்தவர் எல்லாருக்கும் ஒரே சாவி, அது கஜானனிடமும் இருக்கிறது. நான் வலப்பக்கம் கையைக் காட்டினேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள்.

"ஏன் வேண்டாம்?"

"அங்கை விறகு ஈரம் மாமா" என்றான் கஜானன்.

"நீர் முதல் வந்தனீரோ?"

"இல்லை, இல்லை. பொதுவாய் அப்பிடித்தான் இருக்கும்."

போனோம். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். கடைசி ஏற்றத்தில் பலகையை விரித்து மீன்முள்ளு மாதிரி மிதித்து ஏறவேண்டும். மீன்முள்ளோடு பதினொரு வருசம் சீவித்த எனக்கு அது ஒரு வேலையா. பெடியன் பின்னால் நின்று என் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தான், அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

வீட்டு வாசலில் முதலாவது சாட்சி. கதவு திறபடவில்லை. கஜானன் யோசிக்காமல் கீழ் மூலையில் ஒரு உதை விட்டான், திறந்தது. இரண்டாவது சாட்சி, தண்ணி. ஓடை எங்கே என்று ஒருத்தரும் சொல்லவில்லை, பனிக்கடியில் கிடக்கிறது. வாளியை எடுத்தான், நேரே போனான், நிறைத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது, விறகு உண்மையாகவே ஈரம்.

இவ்வளவையும் கவனித்தது என் கண் மட்டும். ஆரணி பாவம், ஒன்றையும் கவனிக்கவில்லை. அவள் தன்பாட்டில் மூன்றாவது லாச்சியைத் திறந்து நெருப்புப்பெட்டியை எடுத்து அடுப்பை மூட்டினாள். கெட்டிக்காரி, எங்கள் குடும்பத்துக் கை அப்படி, இருட்டிலும் தடவாது.

அவர்கள் விறகு கொத்த வெளியே போன நேரம் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பிரித்தேன். இந்த நாட்டு மலைவீடு எல்லாவற்றிலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும். வந்தவர்கள் திகதி, பேர், எத்தனை பேர், எங்கேயிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று எழுதவேண்டும். பின்பக்கமாகப் பிரட்டிக்கொண்டு போனேன். ஜனவரி பதினேழு. கஜானன், துரொண்ட்ஹைம். ஆட்கள்: இரண்டு.

"இல்லை, இல்லை" என்று சொன்ன வாய்.

சாப்பாட்டுக்குப் புவனேஸ் கட்டித் தந்த புட்டைச் சூடாக்கி, இடிச்ச சம்பலோடு தின்றோம். பெடியன் எனக்கு இரண்டாம் தரமும் போட்டான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். உறைப்பில் வேர்த்தது என்றான். உறைப்போ, வேறெதுவோ.

புதன், 25 பெப்ரவரி

இரவு தங்கின மலைவீட்டில் தொலைபேசி எடுபடாது. காலையில் வயிற்றைச் சாக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினேன். உச்சியில் போனில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. புவனேசுக்கு அடித்தேன்.

சொன்னேன், பெடியன் ஒரு மாதத்துக்கு முதல் இங்கே இன்னொரு ஆளோடு வந்து தங்கியிருக்கிறான், எங்களுக்கு மறைக்கிறான் என்று.

புவனேஸ் பெரிதாக எடுக்கவில்லை. "ஆரும் கூட்டாளிப் பெடியனாய் இருக்கும் அண்ணை. பெடியள் போறதுதானே. இதுக்கோ குளிருக்கை மலை ஏறினனீங்கள்?"

அதற்குப் பிறகுதான் பேரைச் சொன்னேன். நேற்று எழுத மறந்துபோனேன், புத்தகத்தில் பேரும் இருந்தது. இங்ரிட். வடிவான பெண்பிள்ளைக் கையெழுத்து, பக்கத்தில் ஒரு பூவும் கீறியிருந்தது.

அந்தப்பக்கம் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்கடை கண்ணாலை பார்த்தனீங்களோ?"

"என்ரை இரண்டு கண்ணாலையும்."

"சரி அண்ணை" என்றாள். வைத்துவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பிய உடனே ஆரணியின் போன் அடித்தது. வெளியே போய்க் கதைத்தாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், கையுறை போடாமல் நின்றாள். உள்ளே வந்தபோது முகம் பனியை விட வெள்ளை.

"அம்மா கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டா. சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் இவரின்ரை வீட்டுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் எண்டு சொல்லப்போறாவாம். ஆர் மாமா இங்ரிட்?"

"தம்பியைக் கேள்."

கஜானன் என்னைப் பார்த்தான். பிறகு ஆரணியைப் பார்த்தான்.

"ஒருத்தியும் இல்லை மாமா" என்றான்.

"அப்ப கூட வந்த இரண்டாவது ஆள் ஆர்?"

"அதை நான் சொல்ல ஏலாது. அது என்ரை கதை மட்டும் இல்லை."

நல்லாகக் கவனியுங்கள். சொல்ல ஏலாதாம். நீதிமன்றத்தில் என்றால் இத்தோடு வழக்கு முடிந்திருக்கும். எத்தனையோ வழக்கில் நான் சாட்சி சொன்னவன். சரி, ஒரு வழக்கில். அது சைக்கிள் களவு.

வியாழன், 26 பெப்ரவரி

பனி கொட்டுகிறது. கஜானன் தன் பையைக் கட்டி வைத்துவிட்டு, என்றாலும் போகாமல் இருக்கிறான். என் பலகைக்கு மெழுகு பூசி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை.

வெள்ளி, 27 பெப்ரவரி

வானம் வெளித்திருந்தது. "வாங்கோ மாமா, இரண்டு பேரும் போவம்" என்று ஆரணி கூப்பிட்டாள். புதிதாக வெட்டின தடம், எங்களுக்கு முன்னால் ஒரு பலகையும் போகவில்லை. மூன்று கிலோமீட்டர் அவள் முன்னால், நான் பின்னால். வெயில் படுகிற ஒரு மர வாங்கில் குந்திக்கொண்டு தோடம்பழம் உரித்தாள். எல்லாரும் மலையில் அதைத்தான் தின்கிறார்கள்.

"மாமா, புத்தகத்திலை நீங்கள் என்ன பார்த்தனீங்கள்?"

"சொன்னன்தானே. இரண்டு பேர்."

"இரண்டு எண்டது சரி. அந்தப் புத்தகத்திலை ஆரும் பொய் எழுதிறேல்லை. புயலிலை ஆக்கள் துலைஞ்சால் எத்தினை பேரைத் தேடவேணும் எண்டு அதைப் பார்த்துத்தான் வருவினம். அதாலைதான் அவர் ஒண்டு எண்டு எழுத மாட்டன் எண்டவர். என்ரை பேரை எழுதவேண்டாம் எண்டது நான்."

தோடம்பழச் சுளை என் வாயில் இருந்தது. அதை விழுங்க மறந்துபோனேன்.

"எவ்வளவு காலம்?" என்றேன்.

"மூண்டு வருசம்."

"அப்ப பொங்கல் விழா?"

"நீங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளை எண்டால்தான் அம்மா ஓம் எண்டுவா. வேறை என்ன செய்யிறது மாமா?"

நான் சிரித்தேன். "எனக்கு எல்லாம் முதலே தெரியும் பிள்ளை. சோதிச்சுப் பார்த்தனான்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியும். ஒரு மாதிரி தெரியும்.

அவள் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுகொண்டோ இங்ரிட் எண்டனீங்கள்?"

தூரத்தில் ஒரு கிழவனும் கிழவியும் ஒருவர் பின் ஒருவராக ஸ்கீயில் வந்து, "ஹை ஹை" என்று சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். நான் பெரிதாகக் கையை ஆட்டினேன், அவர்கள் மறையும் வரைக்கும் ஆட்டினேன்.

"ஜனவரியிலை அம்மாவுக்கு அந்த சனி ஞாயிறு எனக்கு ட்யூட்டி எண்டு சொன்னனான்" என்றாள். ஆரணி ஒஸ்லோவில் மருந்துக்கடையில் வேலை. "அப்பா செத்தாப்பிறகு அம்மாவுக்கு நான் வேறை ஒண்டும் மறைக்கேல்லை. இப்ப உண்மையைச் சொன்னால் கலியாணம் மட்டும் போறேல்லை. 'மூண்டு வருசமாய் என்னை விசரியாக்கினனீ' எண்டு என்னையும் விட்டிடுவா. உங்களுக்கு அம்மாவைத் தெரியும்."

தெரியும். எங்கள் சின்னக்கா ஒரு பொய் சொன்னதற்காகப் புவனேஸ் அவளோடு பதினாலு வருசம் கதைக்கவில்லை.

"அவர் சொல்ல மாட்டார். அவரைக் கள்ளன் எண்டு அம்மா நினைச்சாலும் பரவாயில்லையாம். என்னாலை அது ஏலாது. நாளைக்கு நாலு மணிக்கு முதல் நானே எடுத்து எல்லாத்தையும் சொல்லப்போறன்."

மிச்சத் தோலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். திரும்பி வரும்போது இறக்கத்தில் நான் விழுந்தேன். விழுந்தேன் என்றுதான் எழுதுகிறேன்.

சனி, 28 பெப்ரவரி

காலையில் இருந்து யோசித்தேன். எனக்கு மூளைக்குப் பஞ்சம் இல்லை. வேறு ஒரு கஜானன் என்று சொல்லலாம். கண்ணாடி புகைத்திருந்தது என்று சொல்லலாம். மத்தியானம் நல்லதொன்று வந்தது. மலைவீட்டுப் புத்தகத்தில் நாய்களையும் சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு.

ஆரணியிடம் போய், "பிள்ளை, நீ எடுக்காதை. நான் எடுக்கிறன்" என்றேன்.

"என்ன சொல்லப்போறியள்?"

"அதை மாமாவிட்டை விடு."

அவள் முகத்தில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை. என்றாலும் போனை மேசையில் வைத்தாள். மூன்று மணி பத்து நிமிசம். நான் விடுதிக்குப் பின்பக்கம், ஸ்கீப் பலகை சாத்தி வைக்கிற இடத்தில் நின்று எடுத்தேன்.

"புவனேஸ், நான் யோசிச்சுப் பார்த்தன். அந்த இங்ரிட் ஒரு நாயாயும் இருக்கலாம்."

"என்ன?"

"இஞ்சை நாயளையும் எழுதுறவை. இங்ரிட் எண்டு நாய்க்குப் பேர் வைக்கிறவை கனபேர்."

"அண்ணை. நாய் பூக் கீறுமோ?"

அந்தப் பூவை நான் கீறியிருக்கக்கூடாது.

"பெடியனிலை உங்களுக்கு இரக்கம் வந்திட்டுது போல. எனக்கு வளைச்சு வளைச்சுக் கதைக்கவேண்டாம். நான் அவையளுக்கு எடுக்கவேணும், அவை ரயிலுக்கு வெளிக்கிட முதல். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. புத்தகத்திலை இரண்டு பேர் எண்டு கண்டனீங்களோ, இல்லையோ?"

இதுதான் இடம். பேரை மட்டும் புளுகு என்று சொன்னால் இரண்டாவது ஆள் மிஞ்சும். அந்த ஆள் யார் என்று அவள் விடமாட்டாள். கஜானனைக் கேட்பாள், ஆரணியைக் கேட்பாள், கேட்டுக் கேட்டு எடுத்துவிடுவாள்.

"இல்லை" என்றேன். "ஒண்டு எண்டுதான் இருந்தது. பெடியன் தனியத்தான் வந்தவன். மற்றதெல்லாம் நான் கட்டினது."

"எல்லாமோ?"

"எல்லாம். பேர், பூ, இரண்டாவது ஆள், எல்லாம். பெடியன் முதல் வந்ததை மறைச்சதும் என்ரை மானத்துக்காகத்தான். எனக்கு ஏலுமான பாதையோ எண்டு முதலே தனிய வந்து பார்த்திட்டுப் போனவனாம்." இது நின்ற நிலையில் வந்தது. மோசமில்லை.

"ஏன் அண்ணை?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு கிழமை பார்த்தும் அவனிலை ஒரு குறையும் கிடைக்கேல்லை. வெறுங்கையோடை வந்து, எல்லாம் நல்லம் எண்டு சொல்ல எனக்கு ஏலாமல் கிடந்தது. அப்பிடிச் சொன்னால் பேந்து என்னை ஆர் கேக்கப்போகினம்?"

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, அடுப்பில் ஏதோ கொதித்தது.

"என்ரை பிள்ளை மூண்டு நாளாய்ச் சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்றாள். "நான் அந்தப் பெடியனைப் பற்றி என்னவெல்லாம் நினைச்சன். சின்னனிலையிருந்து உங்கடை புளுகு எங்களுக்குத் தெரியும். மீன் பிடிச்சது, ஓட்டத்திலை ஓடினது. அதுகள் ஆரையும் அடிக்கேல்லை. இது அப்பிடி இல்லை அண்ணை."

"ஓம்."

"நாளைக்கு நீங்கள் வரவேண்டாம். அவையளுக்கு முன்னாலை உங்களை இருத்தி வைச்சுக்கொண்டு என்னாலை சிரிக்க ஏலாது. இனி இவளின்ரை காரியத்திலை உங்களிட்டை ஒண்டும் கேக்கவும் மாட்டன்."

"அவையளுக்கு எடுக்க மாட்டாய்தானே?"

"எடுக்க மாட்டன்" என்றாள்.

உள்ளே போனேன். ஆரணியும் கஜானனும் எழும்பி நின்றார்கள். "கலியாணம் நடக்கும். ஆரும் கேட்டால் தம்பி ஜனவரியிலை தனிய வந்தவர்" என்றேன். "என்ன சொன்னனீங்கள் மாமா?" என்று ஆரணி இரண்டு தரம் கேட்டாள். "என்ரை சாமர்த்தியம்" என்றேன். கஜானன் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிறு, 1 மார்ச்

ஒஸ்லோ. வீட்டில் நிற்கிறேன். ரயிலில் வந்த களைப்பு, அதனால் எங்கேயும் போக மனமில்லை என்று அயலில் கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வீட்டார் புவனேஸ் வீட்டுக்குள் காலடி வைத்திருப்பார்கள். பன்னிரண்டுக்கு வெற்றிலைத் தட்டு மாற்றியிருப்பார்கள். தாய்மாமன் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். புவனேஸ் என்ன சொல்லியிருப்பாள்? நான் என்றால் மாமனுக்கு மலையில் பனிச்சரிவு, ஹெலிகொப்டரில் தேடுகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். அவளுக்கு அவ்வளவு வராது. சுகமில்லை என்றிருப்பாள்.

ஒன்று பத்துக்கு ஆரணியிடமிருந்து செய்தி: "முற்றாச்சுது மாமா. ஓகஸ்டிலை. அம்மா அவரிட்டை மன்னிப்புக் கேட்டவ. நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு அம்மா இப்பதான் சொன்னா." அதற்குக் கீழே எழுதத் தொடங்கி, நிறுத்தி, தொடங்கிக்கொண்டே இருந்தாள், அந்த மூன்று புள்ளியும் கனநேரம் ஆடியது. பிறகு ஒன்றும் வரவில்லை.

சோறு வைத்தேன். நேற்றைய பருப்பு இருந்தது.

இந்தக் கொப்பியில் ஒரு பக்கம் பிழையாய் இருக்கிறது, அதைத் திருத்தவேண்டும். புவனேசுக்கு நான் சொன்னது அவளுக்கு. இது இந்தக் கொப்பிக்கு. ஜனவரி பதினேழாம் திகதிக்கு நேரே ஆட்கள் இரண்டு என்று இருந்தது, அது உண்மை. பேர் ஒன்றும் இருக்கவில்லை. பூவும் இல்லை. மேட்டில் நின்றபோது என் தங்கச்சி நான் சொன்னதைப் பெரிதாக எடுக்கவில்லை, போனை வைக்கப் பார்த்தாள். இங்ரிட் என்ற பேர் விடுதியில் எனக்குச் சூப் ஊற்றித் தந்த மனுசியின் சட்டையில் குத்தியிருந்தது. அதை எடுத்து அங்கே வைத்தது நான்.